ஆள் எடைக்கு ஒரு மூட்டை

ரோஹித் கடலில் விழுந்தபோது ராகவன் போனில் கல் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் டயர் வெடித்து நிற்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று அவன் சொல்ல, "காலையில இருந்து இதையேதான் சொல்றீங்க" என்று இவன் கத்தினான். திரும்பிப் பார்த்தால் கற்சுவரின் முனையில் ஆளைக் காணோம். மஞ்சள் ஹெல்மெட் மட்டும் நுரையில் ஆடிக்கொண்டிருந்தது. கிரேனில் தொங்கிய பாறை, கைகாட்டி இறக்குவாரில்லாமல் அந்தரத்தில் மெல்லச் சுற்றியது. திங்கட்கிழமை, மணி பதினொன்று நாற்பது.

கழிமேட்டுக் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. கரையைக் கடல் அரிக்காமலிருக்க அங்கே தூண்டில் வளைவு கட்டினார்கள். கடலுக்குள் பாறைகளைக் கொட்டி, முனையைத் தூண்டில் முள்போல வளைத்துக் கட்டும் சுவர் அது. ராகவன் அந்த வேலையை எடுத்திருந்த கம்பெனியின் சைட் இன்ஜினீயர். சேலத்துக்காரன், முப்பத்திரண்டு வயது, புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. ரோஹித் ஜார்க்கண்டிலிருந்து வந்தவன். கிரேன் இறக்கும் பாறையை எங்கே வைப்பது என்று முனையில் நின்று கைகாட்டுவது அவன் வேலை. காலடியில் இருந்த பாறை உருண்டது, அதே நேரத்தில் ஓர் அலை ஏறி அடித்தது, அவ்வளவுதான் என்று கிரேன்காரர் பிற்பாடு சொன்னார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்து குதித்தார்கள். ஹெல்மெட்தான் கிடைத்தது. தீயணைப்பு வண்டி வந்தது, கடலோரக் காவல் படகு வந்தது. இருட்டும்வரை தேடினார்கள்.

சைட்டில் வேலை செய்தவர்கள் இருபத்து மூன்று பேர். லைஃப் ஜாக்கெட் ஆறு. ரோஹித்திடம் இல்லை. ஆனால் தினமும் காலையில் ஒரு பதிவேட்டில், 'அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்துள்ளனர்' என்ற வரிக்குக் கீழே ராகவன் கையெழுத்துப் போடுவான். ஐந்து மாதமாகப் போட்டிருந்தான். மீதி ஜாக்கெட் கேட்டு இரண்டு தடவை மெயில் அனுப்பினான். மூன்றாவது தடவை அனுப்பவில்லை. கையெழுத்து மட்டும் நிற்கவில்லை.

சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து புராஜெக்ட் மேனேஜர் பன்னீர்செல்வம் காரில் வந்து இறங்கினார். இந்தத் தொழிலில் இருபத்தைந்து வருடம் பழுத்தவர்.

"வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

"சொல்லாதீங்க. பாடி கெடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் கார் கிளம்பிய பிறகுதான் குப்பத்துக் கோயில் மைக்கில் ஒரு பெண் குரல் கேட்டது. வழக்கமாக அந்த மைக்கில் பஞ்சாயத்துக்காரர்கள் மட்டுமே பேசுவார்கள். அன்று பேசியது பூவாயி. சைட்டு ஆட்களுக்கு மீன் விற்பவள், நாற்பது வயதிருக்கும்.

"கடல்ல ஆளு போயிகீது. நாளைக்கி யாரும் தொயிலுக்குப் போவாதீங்க. எல்லா போட்டும் தேடறதுக்கு வரணும்."

யாரோ பக்கத்திலிருந்து, "அது இந்திக்காரப் பையன்க்கா" என்று சொன்னதும் மைக்கில் விழுந்தது.

"இருந்தா இன்னா? கடல்ல போனா நம்ம ஆளுதான்" என்றாள் பூவாயி.

அன்றிரவு ராகவன் தூங்கவில்லை. விடிவதற்கு முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு கழிமேட்டுக்கு வந்தான். நாலைந்து படகு வந்திருந்தால் பெரிது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான். சவுக்குத் தோப்பைத் தாண்டி மணலில் கால் வைத்தவன் அப்படியே நின்றான்.

கடல் முழுக்கப் படகுகள். விடியலின் சாம்பல் வெளிச்சத்தில், தெற்கே சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் கொக்கிலமேட்டிலிருந்தும், வடக்கே வெண்புருஷம், தேவனேரி, சாலவான்குப்பம் வரையிலிருந்தும் வந்துகொண்டே இருந்தன. எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டான். ஒவ்வொரு படகிலும் மூன்று நான்கு பேர். யாரும் சத்தம் போடவில்லை. கரைக்கு இணையாக ஒரு வரிசை, அதற்கு அப்பால் இன்னொரு வரிசை, அதற்கும் அப்பால் ஒன்று. ஒரு படகுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கல்லெறி தூரம். உத்தரவு போடுகிற ஆள் ஒருவரும் கண்ணில் படவில்லை. ஒருவன் கையைத் தூக்கினான், அடுத்தவன் தூக்கினான், அந்தக் கை கண்ணுக்கெட்டாத தொலைவுவரை போயிற்று. மொத்த வரிசையும் ஒரே வேகத்தில் நகர ஆரம்பித்தது. முந்நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் பாதிப்பேர் ரோஹித்தின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா சார், வேடிக்கை பாத்துகினு நிக்கிற? ஏறு."

திரும்பினால் சாலமோன். சாலமோன் வடக்கே அடுத்த குப்பத்துக்காரன். தூண்டில் வளைவு வந்தால் கழிமேட்டுக் கரை நிற்கும், ஆனால் தன் குப்பத்துக் கரையைக் கடல் தின்றுவிடும் என்பது அவன் கட்சி. அது பொய்யுமில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் கல் லாரிக்கு முன்னால் ரோட்டில் படுத்து, ராகவனைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தான்.

"நீங்க... வந்திருக்கீங்க" என்றான் ராகவன்.

"சண்டை அப்பால. அவன் எந்த எடத்துல நின்னான், இன்னா டயத்துல வுழுந்தான், ஒனக்குத்தான் தெரியும். ஏறு."

பத்தரை மணிவரை தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. படகு கரைக்கு வந்ததும் சாலமோன் நாலைந்து பேரைக் கூட்டி ஏதோ பேசினான். பிறகு ராகவனிடம் கேட்டான்.

"எம்மாம் எடை இருப்பான்?"

ராகவன் ஐந்து மாதமாகத் தினமும் ரோஹித்தைப் பார்த்தவன். அவன் உயரமா குள்ளமா என்றுகூட நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

"ஒன்ன வுட குண்டா, ஒல்லியா?"

"என்னைவிட ஒல்லி. கொஞ்சம் குள்ளம்னு நினைக்கிறேன்."

சாலமோன் குனிந்து இரண்டு கைகளாலும் ராகவனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து அலேக்காகத் தூக்கினான். ஒரு குலுக்குக் குலுக்கி எடை பார்த்தான். அவன் சட்டையிலிருந்து உப்பும் டீசலும் வாடை அடித்தது. பிறகு இறக்கிவிட்டு, "செரி, இதுல ஒரு எட்டு கிலோ கொறச்சுக்க" என்று தன் ஆட்களிடம் சொன்னான்.

பழைய வலையில் மூட்டை கட்டினார்கள். உள்ளே தேங்காய் மட்டையும் ஈர மணலும். தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள், மணலைக் கொஞ்சம் எடுப்பார்கள், மறுபடி விடுவார்கள்.

"மனுசன் கல்லு மாரி முழுவ மாட்டான் சார். பாதி மெதப்பு, பாதி முழுகல். அந்தப் பதம் வரணும்" என்றான் சாலமோன். "இன்னா துணி போட்டிருந்தான்?"

ரோஹித்தோடு தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவனை அழைத்து வந்தார்கள். ஜீன்ஸ் என்றான் அவன். கொட்டகைக்கு ஓடி, ரோஹித்தின் இன்னொரு ஜீன்ஸை எடுத்துவந்து கொடுத்தான். தண்ணீர் இழுக்கிற இழுப்பு துணிக்குத் துணி மாறும் என்று அதையும் மூட்டையின் கீழ்ப்பாதியில் மாட்டினார்கள். மேலே ஒரு தெர்மாகோல் கட்டை, அதில் சிவப்புத் துணி. வேலை முடிந்ததும் மூட்டையைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். மணலில் ஓர் ஆள் முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது போல அது கிடந்தது.

"பதினொன்னு நாப்பதுக்கு நேரமாச்சே, போகலாமா?" என்றான் ராகவன்.

"அது நேத்து தண்ணி. கடலு தெனமும் முக்கா மணி, ஒரு மணி தள்ளிப் போவும். அவன் வுழுந்த தண்ணி இன்னைக்கிப் பன்னெண்டரைக்கு வரும்."

பன்னிரண்டரைக்குச் சுவரின் முனையருகே, ராகவன் காட்டிய இடத்தில் மூட்டையை விட்டார்கள். சுற்றிலும் இருபது படகுகள் இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. எல்லாக் கண்ணும் அந்தச் சிவப்புத் துணியில்.

துணி வடக்கே போயிற்று. ராகவன் எதிர்பார்த்ததும் அதைத்தான். இந்த மாதத்தில் நீரோட்டம் வடக்கு நோக்கி என்று அவனுடைய வரைபடத்தில் அம்புக்குறி போட்டிருந்தது. நேற்றுத் தேடியவர்களும் வடக்கேதான் தேடினார்கள். முப்பது நாற்பது மீட்டர் போனதும் துணி நின்றது. நின்ற இடத்திலேயே சுழன்றது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல, திரும்பியது. வந்த வழிக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிக்கொண்டு, அலைக்கு எதிராகவே வந்து, முனையைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனது. அங்கே ஓரிடத்தில் மெல்ல வட்டமடித்தது. படக்கென்று உள்ளே போய்விட்டது.

சாலமோன் அதற்கு நேரே சுவரிலிருந்த பாறையை அடையாளம் பார்த்துக்கொண்டான்.

"இன்னொன்னு வுடு" என்றான் சாலமோன்.

இரண்டாவது மூட்டையும் கட்டி வைத்திருந்தார்கள். அதே வழி, அதே திருப்பம். அதே இடத்தில் சிவப்புத் துணி முழுகியது.

ராகவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அந்தச் சுவரின் ஒவ்வொரு மீட்டரையும் அவன் அளந்திருக்கிறான். எத்தனை ஆயிரம் டன் கல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். அதன் காலடியில் இப்படி ஒரு சுழி பிறந்திருப்பது அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காத ஒருவன் மட்டையையும் மணலையும் கட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"இது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாது சார். அதனாலதான் மூட்டைய வுட்டுப் பாத்தேன்" என்றான் சாலமோன்.

அந்த இடத்தில் வலை இறக்கினார்கள். பாறையில் மாட்டிக் கிழிந்தது. தண்ணீர் சேறாகக் கலங்கியிருந்தது. காலையில் காற்று விழுந்ததும் ஆளே முங்கிப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

கரைக்கு வந்தபோது பன்னீர்செல்வம் சைட் ஆபீசில் காத்திருந்தார். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார். ரோஹித் என்பவர் திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை, ஞாயிறு மாலையே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று அதில் இருந்தது.

"சார், கிரேன்காரர் பார்த்திருக்காரு. நான் இருந்திருக்கேன்."

"நீங்க போன்ல இருந்தீங்க, பாக்கல. கிரேன்காரர் நம்ம ஆளு. தேடினவங்க ஹெல்மெட்டத்தான் பாத்தாங்க." அவர் குரல் கோபமில்லாமல், களைத்துப்போய் இருந்தது. "ராகவன், அந்தப் பையன் நம்ம ரோல்லயே இல்ல. ஆள் சப்ளை பண்றவன் அனுப்பினவன். உங்களுக்கோ எனக்கோ ஏதாவது ஆனா ஆபீஸ்ல பேர் இருக்கு, இன்ஷூரன்ஸ் இருக்கு. அவனுக்கு ஒரு சீட்டுகூட கிடையாது. பாடி கெடைக்கலன்னா விழுந்தான்னு யார் சொல்லுவா? அந்த ரிஜிஸ்டர்ல இருக்கறது உங்க கையெழுத்து. யோசிச்சுப் பாருங்க."

ராகவன் யோசித்தான். அதுதான் வெட்கம். கையெழுத்துப் போடவுமில்லை, முடியாது என்று சொல்லவுமில்லை. "நாளைக்குச் சொல்றேன் சார்" என்று வெளியே வந்து, இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தான்.

பூவாயி ஒரு சொம்பில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"குடி சாரு. காலையிலேந்து ஒன்னியும் துன்னல நீ."

"உடம்பு கிடைக்குமாக்கா?"

"கெடைக்கணும்." அவள் மணலில் உட்கார்ந்தாள். "எங்க ஊட்டுக்காரரு ரமேஷ் போயி நாலு வருசம் மூணு மாசம் ஆவுது. மழை நாளு. எட்டு நாளு தேடுனாங்க. போட்டு வந்துச்சு, அவுரு வரல. ஆபீஸ்ல போயி நின்னா, ஒடம்பு எங்கன்றாங்க. ஏழு வருசம் ஆவணுமாம், செத்தவருன்னு எழுத. இன்னும் எங்க ரேசன் கார்டுல அவுரு உசுரோட கீறாரு." நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "பொட்ட வெச்சிகினா ஒருத்தி பேசறா, அழிச்சிகினா ஒருத்தி பேசறா. காத்துல கதவு தட்னா இன்னமும் எந்திரிச்சுப் போறேன். அந்தப் பையனுக்கு அம்மா கீறாங்களா?"

"தெரியலக்கா."

"கேளு" என்றாள். "கேட்டுச் சொல்லு."

அவள் போனதும், ரோஹித்தின் அறைத்தோழனிடம் எண் வாங்கி ராகவன் போன் செய்தான். அண்ணன் எடுத்தார். ராகவனுக்குத் தெரிந்தது அரைகுறை இந்தி. அதில் பொய் சொல்லுமளவுக்குச் சொல் இல்லை. வேலை செய்யும்போது கடலில் விழுந்துவிட்டான், தேடுகிறோம், நாளை கிடைக்கலாம் என்று நேராகச் சொன்னான். மறுமுனையில் பின்னால் ஒரு கிழவி யாரென்று கேட்கும் குரல் வந்தது. அம்மா இருக்கிறாள்.

புதன்கிழமை காலை கடல் கண்ணாடிபோல் கிடந்தது. அன்றும் படகுகள் வந்திருந்தன, முந்தின நாளைவிட அதிகமாகவே. பாறை இடுக்கில் கல்லிறால் பிடித்துப் பழகிய இரண்டு பேரோடு சாலமோன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றின் மறுமுனை ராகவன் கையில். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை கைநிறையச் சேறும் மூட்டையின் வலைக் கிழிசலும் கிடைத்தன. மூன்றாம் தடவை கயிறு அசையாமலே இருந்தது. ராகவன் தன்னையறியாமல் தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். நெஞ்சு வெடிக்கும்போல ஆனபோது கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது.

"கீறான்" என்றான் மேலே வந்த சாலமோன், மூச்சு வாங்கிக்கொண்டு. "காலு கல்லுக்குள்ள மாட்டிகினுகீது. எடுத்துர்லாம்."

மூவருமாக முங்கி எடுத்தார்கள். ரோஹித்தைப் படகில் ஏற்றியபோது பக்கத்துப் படகின் இன்ஜின் நின்றது. அடுத்தது நின்றது. நேற்றுக் கை உயர்ந்து போனதுபோலவே மௌனம் படகு படகாகத் தெற்கும் வடக்குமாகப் போய், கடைசியில் கடலின் சத்தம் மட்டும் மிஞ்சியது. தூரத்துப் படகுகளில் ஆட்கள் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்ப்பது தெரிந்தது. சாலமோன் தன் துண்டைப் பிழிந்து ரோஹித்தின் முகத்தில் போர்த்தினான். மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு மட்டும் வெளியே தெரிந்தது. இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்கும்படியான ஒருவனை ஐந்து மாதமாகப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லையே என்று ராகவன் நினைத்தான். வடக்கேயிருந்து வந்த எல்லாரையும்போல அவனையும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவான். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அன்று மதியம் காவல் நிலையத்தில் பதிவேட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் வைத்தான்.

"இந்தக் கையெழுத்து என்னோடது சார். மேல எழுதியிருக்கறது பொய். ஆறு ஜாக்கெட்தான் இருந்தது."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இதை எழுதினா உங்க பேரும் கேஸ்ல வரும், தெரியுமா?"

"தெரியும். எழுதுங்க."

வந்தது. கம்பெனியின் பெயர், ஆள் சப்ளைக்காரன் பெயர், பன்னீர்செல்வம் பெயர், நான்காவதாக ராகவன் பெயர். வேலை நின்றது, அவனுக்கு வேலை போயிற்று. ஜாமீனுக்கு சேலத்திலிருந்து அப்பா வந்தார். வெகுநாள் கழித்து அச்சரப்பாக்கத்தில் ஓர் அரிசி மண்டிக்காரரின் கட்டடத்தில் சின்ன வேலை கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. அதெல்லாம் பிறகு நடந்த கதை.

ரோஹித்தின் அண்ணன் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது விவசாயி. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் உடம்பை வாங்கி, அந்த ஊர் மயானத்திலேயே எரியூட்டினார்கள். வேலையில் நேர்ந்த விபத்தில் மரணம் என்ற தாளை அவர் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். தம்பியைத் தேடி எடுத்தவர்களைப் பார்க்க வேண்டும் என்றார். சனிக்கிழமை காலை ராகவன் அவரைப் பைக்கில் கழிமேட்டுக்கு அழைத்து வந்தான்.

குப்பம் வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு நாள் தொழிலை விட்டுத் தேடிய வீடுகள். எல்லாரும் கடலுக்குப் போயிருந்தார்கள். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் அண்ணன் நின்றுவிட்டார். அவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், நேரே பார்த்தார். எந்தப் பக்கமும் அது முடியவில்லை.

"இதுக்குள்ளேயா?" என்றார் இந்தியில். "இதுக்குள்ளேயா தேடினாங்க?"

"ஆமாம்."

"எத்தனை பேர்?"

"முதல் நாள் முந்நூறு பேர் இருப்பாங்க. ரெண்டாம் நாள் அதுக்கும் மேல."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பூவாயி எங்கிருந்தோ வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பாஷை தெரியாத இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு முதல் படகு அலையைப் பிளந்துகொண்டு கரைக்கு ஏறியது. வளைவின் முனையைச் சுற்றி வரும்போது அதன் ஆட்கள் கொஞ்சம் மெதுவாக வந்ததுபோல் ராகவனுக்குத் தோன்றியது. அன்று கழிமேட்டுப் படகிலேயே தொழிலுக்குப் போயிருந்த சாலமோன் குதித்து இறங்கினான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை. யாரென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் எழுந்து, அவன் காலைத் தொடக் குனிந்தார்.

சாலமோன் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். படகு இன்னும் பாதி தண்ணீரில் நின்றது, அடுத்த அலை வந்துகொண்டிருந்தது. கையிலிருந்த கயிற்றை அவர் கையில் கொடுத்தான்.

"இழு நைனா" என்றான்.

அவர் இழுத்தார். ராகவனும் போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டான்.